சீசன் தொடக்கத்தில் ஸ்கீ பழகப் போகிறவர்களுக்கு: முதல் பனியைப் படிப்பது எப்படி?

மலை ரிசார்ட்டுகளில் ஆட்களை மேலே ஏற்றும் லிஃப்ட் ஓடத் தொடங்கிவிட்டது என்ற செய்தி வந்ததும், காலில் நீளப் பலகை மாட்டிப் பனியில் சறுக்கும் ஸ்கீ பழக ஆசைப்படுகிறவர்களுக்குக் கால் பரபரக்கும். பரபரக்கட்டும். ஆனால் டிக்கெட் எடுக்கும் முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சீசனின் முதல் நான்கைந்து வாரங்களில் 'திறந்தாயிற்று' என்று அறிவிக்கும் ரிசார்ட்டில் பெரும்பாலும் முழு மலையும் திறந்திருக்காது. ஒரு லிஃப்ட், அதன் கீழே ஒன்றிரண்டு பாதைகள், இரு பக்கமும் பழுப்பேறிய புல். பல இடங்களில் நிலைமை அவ்வளவுதான். ஜனவரியில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு டிசம்பர் முதல் வாரத்தில் போய் இறங்குகிறவர்களுக்கு முகம் வாடிப்போவது இதனால்தான்.

புதிதாகப் போகிற எல்லோரும் கேட்கும் கேள்வி, "நேற்று எவ்வளவு பனி விழுந்தது?" என்பது. நான் முதலில் கேட்கச் சொல்வது, "அடியில் என்ன இருக்கிறது?" என்பதை. சீசன் தொடக்கத்தில் விழுந்து எழுவதும், ஸ்கீ கீறுவதும், முழங்கால் திருகுவதும், நல்லபடியாகக் கற்றுக்கொண்டு திரும்புவதும் பெரும்பாலும் அந்தக் கேள்வியின் பதிலில்தான் அடங்கியிருக்கின்றன. கீழே சொல்வதெல்லாம் அந்தப் பதிலைத் தேடும் வழிகள்.

1. இடமும் தேதியும்

வட கோளத்தில் சீசன் தொடக்கம் என்றால் நவம்பர் முதல் டிசம்பர் நடு வரை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி, அர்ஜென்டினா போன்ற தென்கோள நாடுகளில் ஜூன். அறிவிக்கப்படும் திறப்புத் தேதி ஒரு விருப்பம் மட்டுமே. வானிலை ஒத்துழைத்தால்தான் நடக்கும். அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குள் திறந்துவிட வேண்டும் என்று பல ரிசார்ட்டுகள் பாடுபடும். ஆஸ்திரேலியாவில் ஜூன் இரண்டாவது திங்களை ஒட்டிய விடுமுறை வார இறுதியில், பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும், சம்பிரதாயமாக சீசன் தொடங்கிவிடும். ஆகவே 'திறப்பு விழா' என்ற சொல்லைப் பார்த்து மட்டும் பயணத்தை முடிவு செய்யாதீர்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உயரத்தைப் பாருங்கள். சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டர் மேலே போகப்போக வெப்பநிலை 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அடிவாரத்தில் மழை பெய்யும் அதே நேரத்தில் மேலே பனி விழுவது இதனால்தான். கொலராடோவின் அரபாஹோ பேசின் ரிசார்ட்டின் அடிவாரமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பல ஆண்டுகளில் அது அக்டோபரிலேயே திறந்துவிடுகிறது. ஆஸ்திரியாவின் ஹின்டர்டுக்ஸ், சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஆகிய இரண்டிலும் கோடையிலும் உருகித் தீராத பனிப்பாறைகள் (பனியாறுகள்) மேல் ஆண்டு முழுவதும் சறுக்குகிறார்கள்.

உயரம் மட்டுமே கணக்கு என்றும் நினைத்துவிடக் கூடாது. பின்லாந்தின் லெவி மலை 531 மீட்டர்தான். ஆனால் அது ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருக்கிறது. போதாததற்கு, முந்தைய குளிர்காலத்தில் செய்த பனியைக் குவித்து, வெப்பம் புகாத விரிப்புகளால் மூடிக் கோடை முழுக்கப் பாதுகாத்து, அக்டோபரில் எடுத்துப் பரப்பிவிடுகிறார்கள். இப்படிச் சேமித்த பனியால் திறக்கும் பாதை, இயற்கைப் பனியை நம்பித் திறக்கும் பாதையைவிடத் தேதி விஷயத்தில் நம்பகமானது.

பனிப்பாறை இருந்தால் கவலையில்லை என்று சொல்பவர்களுக்கு, சுவிட்சர்லாந்து-இத்தாலி எல்லையில் நிற்கும் மேட்டர்ஹார்ன் மலையின் உதாரணம் போதும். சுவிட்சர்லாந்தில் தொடங்கி இத்தாலியில் முடியும்படி அமைத்த உலகக் கோப்பை ஸ்கீ ஓட்டம் 2022-ல் போதிய பனி இல்லாமல் ரத்தானது. 2023-ல் கடும் பனிப்பொழிவும் காற்றும் சேர்ந்து மறுபடியும் ரத்தாக்கின. அதன்பின் அந்தப் போட்டியே அட்டவணையிலிருந்து போய்விட்டது. உலகத்தரத்தில் தயாராகிறவர்களுக்கே இந்த நிலை என்றால், நம் பயணத்தில் ரத்து செய்துகொள்ளும் வசதியுள்ள தங்குமிடமும், தேதி மாற்றக்கூடிய லிஃப்ட் டிக்கெட்டும் எவ்வளவு அவசியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று மாற்ற முடியாத டிக்கெட்டை வாங்குவது இந்தக் காலத்தில் வேண்டாம்.

2. பனி அறிக்கையைப் படிப்பது

ஒவ்வொரு ரிசார்ட்டும் தினமும் காலையில் பனி அறிக்கை வெளியிடும். அதில் எண்கள் நிறைய இருக்கும். எல்லாம் உண்மையான எண்களாகவே இருந்தாலும், எந்த எண் எதைச் சொல்கிறது என்று தெரியாவிட்டால் ஏமாந்துவிடுவோம்.

'24 மணி நேரப் புதுப்பனி' என்பது ஒரு பலகையின் மேல் விழுந்ததை அளந்து சொல்வது. அளந்ததும் பலகையைத் துடைத்துவிட்டு மறுநாளுக்கு வைப்பார்கள். புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். ஒரு கன மீட்டர் பனியின் எடை பெரும்பாலும் 50 முதல் 100 கிலோவுக்குள் இருக்கும். பனியைச் சமன் செய்யும் வண்டி அதன் மேல் ஏறி அமுக்கிய பிறகு 400 கிலோவுக்கு மேல் போய்விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 செ.மீ. புதுப்பனி, வண்டி ஏறியதும் 10 செ.மீ.க்குள் சுருங்கிவிடுகிறது. "முப்பது சென்டிமீட்டர் விழுந்திருக்கிறது!" என்ற உற்சாகச் செய்தியைக் கேட்டு ஓடினால், அடியில் பழைய பனி இல்லாத மலையில் கல்லுக்கும் உங்கள் ஸ்கீக்கும் நடுவில் இருப்பது ஒரு கையகலப் பனிதான்.

'சீசன் மொத்தம்' என்ற எண் இன்னும் மயக்கும். அக்டோபரில் விழுந்து ஒரு வாரத்தில் உருகிப்போன பனியும் அந்தக் கூட்டலில் இருக்கும். சீசன் தொடக்கத்தில் அந்த எண்ணைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

நமக்கு வேண்டியது 'பேஸ்' என்று குறிக்கப்படும் அடிப்பனி ஆழம். அதையும் அடிவாரம், நடுமலை, உச்சி என்று தனித்தனியாகப் பாருங்கள். ஒரே ஓர் எண் மட்டும் கொடுத்திருந்தால் அது உச்சியில், காற்று அடிக்காத ஒரு மூலையில் நட்ட அளவுகோலின் எண்ணாக இருக்கலாம். நீங்கள் பழகப்போவது அடிவாரத்தில்.

எவ்வளவு அடிப்பனி போதும்? இதற்கு ஒரே பதில் கிடையாது. கோடையில் மாடு மேயும் புல்வெளியாக இருக்கும் சரிவில் 30 செ.மீ. நன்கு அமுக்கிய பனி இருந்தால் ஒரு கவலையும் இல்லாமல் சறுக்கலாம். பாறையும் மரக்கட்டையுமாக இருக்கும் சரிவில் ஒரு மீட்டர் இருந்தாலும் போதாமல் போகும். இதற்காக நான் பரிந்துரைப்பது, அந்த ரிசார்ட்டின் கோடைக்காலப் படங்களைத் தேடிப் பார்ப்பது. பனி இல்லாத மலையின் படம் உங்களுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை நேரடியாகவே காட்டிவிடும். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

அறிக்கையில் பனித்தரையின் நிலையைச் சில வழக்கச் சொற்களால் குறிப்பார்கள். 'மெஷின் க்ரூம்டு' என்றால் இரவில் வண்டி ஓட்டிச் சமன் செய்தது; உங்களுக்கு வேண்டியது இதுதான். 'பேக்டு பவுடர்' என்றால் புதுப்பனி அமுங்கி இறுகியது, அதுவும் நல்லதே. 'ஃப்ரோசன் கிரானுலர்' என்றால் உருகி மீண்டும் உறைந்த கரடான மணிப்பனி. 'வேரியபிள்' என்று எழுதியிருந்தால் ஓர் இடத்தில் மென்மை, பத்தடி தள்ளி ஐஸ், அதற்கடுத்து மண் என்று எதுவும் இருக்கலாம். 'தின் கவர்' என்றால் பனி மெலிதாக மூடியிருக்கிறது. புதியவர்கள் அந்தப் பாதைப் பக்கமே போக வேண்டாம்.

அறிக்கையைப் படித்தபின் நேரலைக் கேமராவைப் பாருங்கள். ரிசார்ட்டுகளில் பல கேமராக்கள் இருக்கும். அழகான உச்சிக் காட்சியை விட்டுவிட்டு, அடிவார லிஃப்ட் நிலையத்தின் கேமராவைத் திறங்கள். பனியின் நிறம் வெள்ளையா, இல்லை ஆங்காங்கே மஞ்சளும் பழுப்புமாகக் கறை தெரிகிறதா? பாதையின் ஓரம் எங்கே முடிகிறது? வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள்? முந்தைய சனிக்கிழமை காலை பதினோரு மணிப் படம் கிடைத்தால் அதையும் பாருங்கள். நீங்கள் போகும் சனிக்கிழமையும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்.

3. பழகுமிடம் திறந்திருக்கிறதா?

இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் எந்தப் புதியவரும் கிளம்பக் கூடாது.

புதியவர்களுக்கான சரிவு பெரும்பாலும் அடிவாரத்தில், மிகக் குறைந்த உயரத்தில் அமைந்திருக்கும். அங்கேதான் வெப்பம் அதிகம். அங்கேதான் பனி கடைசியாகத் தங்கத் தொடங்கும். சீசன் தொடக்கத்தில் மேலே, குளிர் அதிகமான உயரத்தில் ஓர் இடைநிலைப் பாதையைத் திறந்துவிட்டு, கீழே உள்ள பழகுமிடத்தை இன்னும் மூடியே வைத்திருக்கும் ரிசார்ட்டுகள் உண்டு. அறிக்கையில் 'திறந்துள்ளது' என்றுதான் இருக்கும். அதை நம்பிப் போகிறவர் லிஃப்டில் ஏறி, இறங்கத் தெரியாத ஒரு சரிவின் தலையில் போய் நிற்பார்.

சில ரிசார்ட்டுகள் இதற்கு நேர்மாறு. பழகுமிடம் சிறியது, புல்தரை, சரிவும் குறைவு. ஆகவே கொஞ்சம் செயற்கைப் பனி போட்டாலே திறந்துவிடலாம் என்று அதையே முதலில் தயார் செய்வார்கள். எது எப்படி என்று வெளியிலிருந்து ஊகிக்க முடியாது. போன் செய்து கேளுங்கள்: பழகுமிடம் திறந்திருக்கிறதா, அங்கே மேஜிக் கார்பெட் என்ற நகரும் பட்டை ஓடுகிறதா, ஸ்கீ பள்ளியில் வகுப்பு நடக்கிறதா, பச்சை அல்லது நீல நிறப் பாதை எத்தனை திறந்திருக்கின்றன?

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வட அமெரிக்காவில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். ஐரோப்பாவில் நீலம், சிவப்பு, கறுப்பு என்று ஏறும். சில நாடுகளில் நீலத்துக்கும் கீழே பச்சை உண்டு. அதாவது நீலம் என்பது ஒரு கண்டத்தில் எளிது, இன்னொன்றில் நடுத்தரம். அதைவிட முக்கியமானது, இந்த நிறம் பாதையின் சரிவையும் அகலத்தையும் வைத்துக் கொடுத்தது. இன்றைய பனியை வைத்துக் கொடுத்ததல்ல. ஐஸாக இறுகிப்போன, பாதி அகலம் மட்டுமே பனி உள்ள நீலப் பாதையில் இறங்குவது நல்ல பனியுள்ள அடுத்த படிநிலைப் பாதையைவிடக் கடினமாக இருக்கும்.

பழகுமிடம் மூடியிருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. திறந்திருந்தால், சீசன் தொடக்கம் உண்மையிலேயே நல்ல காலம். பள்ளி விடுமுறைக் கூட்டம் இன்னும் வந்திருக்காது. வார நாட்களில் போனால் பயிற்சியாளர் உங்களைக் கவனிக்க நேரமும் இருக்கும்.

4. செயற்கைப் பனியோடு பழகுங்கள்

சீசன் தொடக்கத்தில் நீங்கள் சறுக்கப்போவது பெரும்பாலும் எந்திரம் செய்த பனியில். நீரை நுண்துளிகளாக உடைத்துக் குளிர்காற்றில் பீய்ச்சுகிறார்கள். துளி தரையைத் தொடும் முன் உறைந்துவிடுகிறது. இதில் வெப்பமானி காட்டும் எண் மட்டும் போதாது, காற்றின் ஈரப்பதமும் சேர வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்வது ஈரக்குமிழ் வெப்பநிலை. அது சுமார் மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே போனால் எந்திரத்தை ஓட்டலாம். மைனஸ் 6 ஆனால் பனி உலர்ந்து, நன்றாக வரும். காற்று வறண்டு, ஈரப்பதம் 30 சதவீதமாக இருந்தால் பூஜ்ய டிகிரியிலேயே பனி செய்துவிடலாம். அதே பூஜ்ய டிகிரியில் ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் முடியாது. வானிலை அறிக்கையில் இரவு வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் பார்த்தால், அடுத்த இரண்டு நாளில் ரிசார்ட் இன்னொரு பாதையைத் திறக்குமா என்று நீங்களே ஓரளவு சொல்லிவிடலாம். மேகமில்லாத, காற்றில்லாத இரவுகளில் குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கி உச்சியைவிட அடிவாரம் அதிகம் குளிர்வதும் உண்டு. அந்த இரவுகளில் கீழே உள்ள எந்திரங்கள் இடைவிடாமல் ஓடும்.

செயற்கைப் பனி கனமானது, அடர்த்தியானது. மழை வந்தாலும் சட்டென்று கரையாது. தரையைப் பொறுத்தவரை இது நல்ல செய்தி. ஆனால் இறுகினால் கெட்டியாகிவிடும், விழுந்தால் வலிக்கும்.

எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தைக் கடக்கும்போது மட்டும் தனிக் கவனம் வேண்டும். பீய்ச்சும் மூட்டத்துக்குள் நுழைந்ததும் கண்ணாடியில் மெல்லிய ஐஸ் படலம் பிடிக்கும், முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. அதற்குள் இன்னொரு ஆபத்து: அங்கே பனி ஈரமாக இருப்பதால் ஸ்கீ திடீரென்று பிடித்துக்கொள்ளும், உடம்பு முன்னால் போகும், கால் நிற்கும். ஆகவே நுழையும் முன்பே வேகத்தைக் குறையுங்கள். கண்ணாடியைக் கண் மேல் இறக்கிவிடுங்கள். ஒரு காலைச் சற்று முன்னே வைத்து, முழங்காலை மடக்கி, நேராகக் கடந்து போங்கள். மூட்டத்துக்குள் திரும்பாதீர்கள், நிற்கவும் நிற்காதீர்கள். எந்திரத்தின் காலையும் குழாயையும் மெத்தை சுற்றி வைத்திருப்பார்கள். மெத்தை இருக்கிறதே என்று அதன் பக்கம் ஒதுங்க வேண்டாம்.

5. ஸ்கீயும் பூட்ஸும்

சொந்தமாக வாங்க இது நேரமில்லை. வாடகைக்கு எடுங்கள், சேதக் காப்பு என்று ஒன்று இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். கல்லில் உரசி ஸ்கீயின் அடித்தட்டு கிழிவது முதல் பனியில் சகஜம். ஊரறிந்த சறுக்காளர்களே இந்தக் காலத்துக்கென்று ஒரு பழைய ஜோடியைத் தனியாக வைத்திருப்பார்கள்.

கையில் வாங்கியதும் ஸ்கீயைப் புரட்டிப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் மெல்லிய இரும்பு விளிம்பு ஓடும். அதன் மேல் கட்டைவிரல் நகத்தின் தட்டைப் பக்கத்தைக் குறுக்காக வைத்து மெதுவாக இழுங்கள். விளிம்பு கூராக இருந்தால் நகத்திலிருந்து பொடியாகக் கொஞ்சம் சீவிவரும். நகம் வழுக்கிக்கொண்டு போனால் விளிம்பு மழுங்கியிருக்கிறது. இறுகிய பனியில் அது பிடிக்காது. வேறு ஜோடி கேளுங்கள், அல்லது தீட்டித் தரச் சொல்லுங்கள். விளிம்பில் சிம்பு சிம்பாக இரும்பு நீட்டிக்கொண்டிருந்தாலும் மாற்றச் சொல்லுங்கள். அகலமான, ஆழப்பனிக்கென்று செய்த ஸ்கீயை யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இடை குறுகிய, உங்கள் உயரத்தைவிடக் குட்டையான பழகுநர் ஸ்கீயைக் கேளுங்கள்.

பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங் உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் நீளம், அனுபவம் ஆகியவற்றை வைத்து அமைக்கப்படும். விழும்போது அது கழன்றால்தான் முழங்கால் பிழைக்கும். ஆகவே எடையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பழக்கம் உண்டு என்று பெருமைக்கும் சொல்ல வேண்டாம். பூட்ஸுக்குள் ஒரே ஒரு ஜோடி நீள சாக்ஸ். இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து காலை அரிக்கும், ரத்த ஓட்டம் குறைந்து குளிரும் அதிகமாகும். ஹெல்மெட் கட்டாயம். கண்ணாடி விஷயத்தில், சீசன் தொடக்கத்தில் பகல் குட்டை, வெயில் சாய்வு. மேகமூட்டமான நாளில் பனியின் மேடுபள்ளம் கண்ணுக்கே தெரியாது. மஞ்சள் அல்லது ரோஜா நிறக் கண்ணாடி அப்போது உதவும்.

6. சரிவில் முதல் நாள்

லிஃப்ட் திறக்கும்போதே போய்விடுங்கள். இரவில் சமன் செய்த பனி, வரிவரியாகக் கோடு போட்டதுபோல் கிடக்கும் முதல் ஒரு மணி நேரம்தான் நாளின் சிறந்த நேரம். கூட்டமும் குறைவு. முந்தைய நாள் உருகி இரவில் உறைந்திருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுத்து, வெயில் பட்டு மேற்பரப்பு இளகியதும் தொடங்குங்கள்.

லிஃப்டில் ஏறிப் போகும்போது கீழே பாருங்கள். இது இலவசமாகக் கிடைக்கும் பாடம். பனிக்கு மேலே புல் நுனி நீட்டிக்கொண்டிருக்கிறதா? வெள்ளைக்கு நடுவே சாம்பல் அல்லது பழுப்பு நிழல் தெரிந்தால் அங்கே மண் ஓர் அங்குலத்தில் இருக்கிறது. குறுக்காக நட்ட மூங்கில் கழிகள் எதையோ மறிக்கின்றன: கல், வாய்க்கால், உடைந்த பனி. கழி இல்லாத இடத்திலும் கல் இருக்கும். 'ஏர்லி சீசன் கண்டிஷன்ஸ்' என்ற பலகை வைத்திருந்தால், எல்லா ஆபத்தையும் நாங்கள் குறித்து வைக்கவில்லை என்று ரிசார்ட் வெளிப்படையாகவே சொல்கிறது. மழைநீர் வடியப் பாதைக்குக் குறுக்காக வெட்டிய வாய்க்கால்கள் நடுக்குளிர்காலத்தில் பனியால் நிரம்பி மறைந்துவிடும். இப்போது அவை பாதி நிரம்பிய பள்ளங்களாகக் கிடக்கும். ஓடைகளின் மேலும் மெல்லிய கூரைபோல் பனி மூடியிருக்கலாம்.

முதல் இறக்கத்தில் கற்றுக்கொள்ளும் ஆசையைத் தள்ளிவைத்துவிட்டு, பனியைத் தெரிந்துகொள்ள மட்டும் இறங்குங்கள். எங்கே பிடிக்கிறது, எங்கே வழுக்குகிறது, எங்கே கூட்டம் கூடுகிறது?

பதினோரு மணிக்கு மேல் காட்சி மாறும். நூறு நூறு பேர் ஒரே இடத்தில் திரும்பித் திரும்பி, மேல்பனியைச் சுரண்டி ஓரத்துக்குத் தள்ளியிருப்பார்கள். நடுவில் பளபளவென்று ஐஸ் தெரியும். ஓரத்தில் பொடிப்பனி குவிந்திருக்கும். ஐஸின் மேல் வந்துவிட்டால் பதறிப்போய் விளிம்பை அழுத்திப் பிரேக் போடத்தான் மனம் சொல்லும். அப்படிச் செய்தால் ஸ்கீ பக்கவாட்டில் வழுக்கி விழுந்துவிடுவீர்கள். ஸ்கீயைத் தட்டையாக வையுங்கள், கை இரண்டும் முன்னால் இருக்கட்டும், அசையாமல் அந்த ஐஸ் பட்டையைக் கடந்துவிடுங்கள். பொடிப்பனி உள்ள இடத்துக்கு வந்ததும் அங்கே திரும்புங்கள், அங்கே வேகத்தைக் குறையுங்கள். எங்கே திரும்புவது என்பதைப் பனிதான் முடிவு செய்ய வேண்டும். இதைப் பழகிவிட்டால் மீதி குளிர்காலம் எளிதாகிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

மழை பெய்தாலோ, மலையிலிருந்து வெதுவெதுப்பான வறண்ட காற்று இறங்கினாலோ, மறுநாள் காலை உறைந்து எல்லாமே கண்ணாடியாகிவிடும். ஆல்ப்ஸில் இந்தக் காற்றை ஃபோன் (föhn) என்பார்கள், ராக்கி மலைகளின் கிழக்கில் சினூக் என்பார்கள். அடுத்த நாள் காலை வகுப்பு இருந்தால் பிற்பகலுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

7. குறுகிய பாதையில் கூட்டம்

மலை முழுவதும் பரவ வேண்டிய கூட்டம் ஒரே பாதையில் வந்து சேரும். வேகமாக வருகிற கைதேர்ந்தவர்களும் அதே பாதையில்தான். வேறு வழி அவர்களுக்கும் இல்லை. சீசன் தொடக்கத்தில் கல்லைவிட எனக்கு அதிகம் கவலை தருவது இந்த மோதல் ஆபத்துதான்.

சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு வகுத்த பத்து நடத்தை விதிகள் இருக்கின்றன. அவற்றில் இப்போது முக்கியமானவை நான்கு. உங்களுக்குக் கீழே இருப்பவருக்கே முன்னுரிமை. பின்னாலிருந்து வருபவர்தான் அவரைத் தவிர்த்துப் போக வேண்டும். தாண்டிப் போகும்போது எதிர்பாராமல் திரும்பினாலும் இடிபடாத அளவு இடம் விட்டுத் தாண்ட வேண்டும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மேலேயும் கீழேயும் பார்த்துக் கிளம்ப வேண்டும். குறுகலான இடத்திலோ, மேலிருந்து வருபவர் கண்ணில் படாத இடத்திலோ நிற்கக் கூடாது. விழுந்துவிட்டால் கூடிய விரைவில் ஓரத்துக்கு நகர்ந்துவிட வேண்டும்.

மேட்டுக்கு அடுத்த பள்ளத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்குவது புதியவர்களின் வழக்கம். மேட்டுக்கு மேலே இருப்பவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். ஓரமாக, மேலிருந்து நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

8. கயிற்றுக்கு அப்பால் போகாதீர்கள்

பாதையில் நெரிசல், எல்லையாகக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் தொடாத வெள்ளைப் பனி. ஆசை வரும். அந்த வெள்ளைக்கு அடியில்தான் நாம் முதலில் கேட்ட கேள்வியின் மோசமான பதில் இருக்கிறது.

மெலிதான முதல் பனி விழுந்து, பிறகு வாரக்கணக்கில் வானம் தெளிந்து குளிர் அடித்தால், பனிக்குள் ஒரு மாற்றம் நடக்கும். தரை பூஜ்ய டிகிரிக்கு அருகில் இருக்கும். மேற்பரப்பு மைனஸ் பத்து, பதினைந்துக்குப் போய்விடும். அரை மீட்டர் ஆழத்துக்குள் அவ்வளவு வேறுபாடு. மீட்டருக்குப் பத்து டிகிரியைத் தாண்டினாலே போதும், கீழிருந்து நீராவி மேலேறி, அடிப்பனி ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாறத் தொடங்கும். கையில் எடுத்தால் சர்க்கரைபோல் விரலிடுக்கில் உதிரும், பிடித்தால் உருண்டையாகாது. அதன் மேல் அடுத்த பெரும் பனிப்பொழிவு பலகைபோல் வந்து படியும். 30 முதல் 45 டிகிரி சரிவில் ஒருவர் காலை வைத்தால் பலகை உடைந்து மொத்தமாக வழுக்கி வரும். சிறிய பனிச்சரிவுதான் என்றாலும், பாறையும் மரக்கட்டையும் மூடப்படாமல் கிடக்கும் இந்தக் காலத்தில் அவற்றின் மேல் இழுத்துச் செல்லப்படுவதே பெரிய காயத்துக்குப் போதும்.

பனிச்சரிவு எச்சரிக்கை ஐந்து படிகளாக வெளியிடப்படும். மூன்றாம் படி நடுவில்தானே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். மனிதர் ஒருவரின் எடையாலேயே பனிச்சரிவு கிளம்ப நிறைய வாய்ப்பு இருக்கிற நிலை அது. ரிசார்ட்டின் எல்லைக்குள்ளேயே மூடியிருக்கும் பாதைகளுக்கும் இதே எச்சரிக்கைதான். அங்கே ரோந்துக் குழு இன்னும் வெடி வைத்துப் பனியைச் சோதித்திருக்க மாட்டார்கள். யாரோ போன தடம் தெரிவதால் அது பாதுகாப்பான இடமாகிவிடாது.

9. மாலையில்

களைத்த காலோடு "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று ஏறாதீர்கள். ஆண்டின் முதல் நாட்களில் தொடை தயாராக இருக்காது. மூன்று மணிக்கு மேல் வெளிச்சம் குறையும், நிழல் விழுந்த இடமெல்லாம் உறையும்.

அடிவாரம் வரை பனி இல்லாவிட்டால் கோண்டோலா என்ற மூடிய பெட்டி லிஃப்டிலோ நாற்காலி லிஃப்டிலோ உட்கார்ந்துதான் இறங்க வேண்டியிருக்கும். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வரிசையும் நீளும். அதைத் தவறவிட்டு மூடிய பாதையில் நடந்தோ சறுக்கியோ இறங்கலாம் என்று யோசிக்கவே வேண்டாம். மூடிய பிறகு சமன் செய்யும் வண்டிகள் கிளம்பிவிடும். செங்குத்தான இடங்களில் அவை உச்சியில் கட்டிய இரும்பு வடத்தின் பிடியில் வேலை செய்யும். விறைத்து நிற்கும் அந்த வடம் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளும், அரையிருட்டில் கண்ணுக்குத் தெரியாது, ஆளையே வெட்டிவிடும்.

அறைக்குத் திரும்பியதும் ஸ்கீயைத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். ஈரத்தோடு விட்டால் ஒரே இரவில் விளிம்பு துருப்பிடிக்கும். பூட்ஸின் உள்ளுறையை வெளியே எடுத்துக் காய வையுங்கள், ஆனால் ஹீட்டர் மேல் வைக்காதீர்கள். அடித்தட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள். மேலோட்டமான கீறல் என்றால் பரவாயில்லை. நகம் இறங்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்து உள்ளே வேறு நிற அடுக்கு தெரிந்தாலோ, இரும்பு விளிம்பு வளைந்திருந்தாலோ, அந்த ஜோடியில் மறுநாள் ஏறாதீர்கள். கடை திறந்ததும் காட்டி, மாற்றி வாங்கிக்கொண்டு மேலே போங்கள்.